உத்தியோகம் கிடைத்த பிள்ளைகளும் சங்கமும்

(சங்கத்தின் மாதர் பிரிவும் இளைஞர் பிரிவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்குத் தந்த தலைப்பு 'சமூகசேவையும் இளம் பெண்களின் தலைமைத்துவமும்'. அது கொஞ்சம் பெரிய தலைப்பு. நாங்கள் அதைச் சின்னதாக்கிக் கொள்கிறோம். மாதச் சம்பளத்துக்கு ஓர் உத்தியோகம் கிடைத்த தோட்டத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பக்கம் வந்து நாலு பேருக்கு உதவி செய்தால், அவளுக்கு என்ன நடக்கிறது? அவளால் தோட்டத்துக்கு என்ன கிடைக்கிறது என்று எல்லோரும் கேட்கிறோம். அவளுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அப்படி வளர்ந்து நிற்கிற பிள்ளையைச் சங்கம் எந்த இடத்தில் உட்கார வைக்கிறது? இந்த இரண்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். ஐந்து பேராக ஆரம்பித்தோம். இரண்டு பேர் ஆசிரியைகள். ஒருவர் குடும்பநல மாது. ஒருவர் பிரதேச செயலகத்தில் வேலை. ஒருவர் வங்கியில். ஐந்து பேரின் அம்மாமாரும் கொழுந்து எடுத்தவர்கள். ஆசிரியைகளான நாங்கள் ஆசிரியர் உதவியாளர் நியமனத்தில், மாதம் 6,000 ரூபா கொடுப்பனவோடு தொடங்கியவர்கள். அந்த நாட்களில் அம்மாவின் கொழுந்துச் சம்பளம் எங்கள் சம்பளத்தைவிடக் கூட. பாடசாலைக்குப் போக பஸ் காசை அம்மாவிடம்தான் வாங்கினோம். அதனால் 'படித்தவர்கள் பாமரர்களுக்குச் செய்யும் சேவை' என்று யாராவது மேடையில் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்பது எங்கள் வீட்டு அடுப்படிக்குத் தெரியும்.

இந்த வேலை நாங்கள் கண்டுபிடித்த புதிய வேலையும் இல்லை. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனத்தை ஆரம்பித்தபோது அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டங்களுக்குப் போனார். அவர் பத்திரிகை வேலை தெரிந்தவர், 'தேசபக்தன்' பத்திரிகையில் உழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்குக் கட்டுரை எட்டாது என்று தெரிந்து, சனங்களுக்குப் பழக்கமான மெட்டுக்களில் பாட்டுக்கட்டிக் கூட்டங்களில் பாடினார். சின்னச் சின்னப் புத்தகங்களாகவும் அச்சிட்டார்கள். தன் தொழிலில் கற்ற திறமையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்த பெண் என்று பார்த்தால் எங்களுக்கெல்லாம் மூத்தவர் அவர்தான். தோட்டத்துக்குள் கூட்டம் போடுவதே குற்றம் என்று துரைமார் நினைத்த காலம் அது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு 1984. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவரைக்கும் ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடப் போராட்டத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே நாட்கூலி வந்தது. தோட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைகளிடம் இதை நாங்கள் வகுப்பில் சொன்னால் நம்பமாட்டார்கள். "அம்மாதானே டீச்சர் கூட நேரம் வேலை செய்றது, ஏன் குறைச்சுக் கொடுத்தாங்க?" என்று கேட்பார்கள். சம்பளத்தில் சமம் வந்து 40 வருடம் கடந்துவிட்டது. சங்கத்து நாற்காலியில் சமம் வந்ததா என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறோம்.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையைப் பற்றிச் சொல்கிறோம்.

மேசை என்றால் காரியாலயம் எதுவும் இல்லை. கோயில் மண்டபத்தில் கிடந்த பழைய மேசை ஒன்று. இரவல் வாங்கிய வாங்கு இரண்டு. படிவம், பேனை, மை ஒற்றும் பெட்டி. எழுத்து வேலை எதுவானாலும் வாருங்கள், காசு வேண்டாம் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொன்னோம். முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வந்தது கடிதம் வாசிக்க. அதில் ஒரு கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தில் கிடந்து, கைமாறி, ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவின் கைக்கு வந்தது. அவர் போயிருக்க வேண்டிய திகதி எப்போதோ போய்விட்டது. லயத்துக் காம்பராவுக்கென்று ஒரு முகவரி இல்லாதது வெறும் தபால் பிரச்சினை இல்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. பெயர் வராதவர்களுக்கு மேன்முறையீடு எழுத வேண்டும். அதை எழுதி எழுதி எங்களுக்குக் கைப்பழக்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம். வேலையை விட்டு இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகியும் கையில் ஒன்றும் கிடைக்காத அம்மாமார் ஒவ்வொருவராக வந்தார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்திருந்த கடதாசிகளோடு வந்தார்கள்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். செக்ரோலில் பாக்கியம் என்று பதிந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் பாக்கியலெட்சுமி. அடையாள அட்டையில் அதையே வேறு எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பில் இருக்கும் கோப்புக்குத் தெரியாது. முப்பது வருடம் மழையில் நனைந்து, அட்டைக் கடி வாங்கி, படங்கு கட்டிக்கொண்டு நின்ற ஒருவரின் காசு மூன்று எழுத்துக்காக நின்றுவிடுகிறது. பெயர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கே படிவம் நிரப்ப வேண்டும். தோட்டத்துக் காரியாலயத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இதில் ஒரு படியில் தடுக்கினாலும் அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்துவிடுவார். "எழுதிக் கொடுத்தாச்சு, வரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த வேலைக்காக நாங்கள் சட்டம் படிக்க வேண்டியிருந்தது. சட்டம் என்றால் பயப்படாதீர்கள், நாலாம் வகுப்புக் கணக்குத்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு உரிய மாதச் சம்பளம் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளத்தில் கழிப்பது 8 சதவீதம், 1,600 ரூபா. கம்பனி தன் பங்காகப் போட வேண்டியது 12 சதவீதம், 2,400 ரூபா. இரண்டும் சேர்ந்து 4,000. இதற்கு மேலே நம்பிக்கை நிதிக்குக் கம்பனி போட வேண்டியது 3 சதவீதம், 600 ரூபா. அதற்கு உங்களிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து வருடம் முடித்திருந்தால் உரிமை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட வேலைக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடம் என்றால் 420 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தால் நாலு இலட்சத்து இருபதாயிரம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தர்மத்துக்குத் தரும் காசு இல்லை இது.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது பின்வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "அப்போ எனக்குக் கொடுத்தது எத்தனை வருஷத்துக்கு?" அவருக்கு 26 வருடம். கணக்குப் போட்டோம். குறைவாகத்தான் கிடைத்திருந்தது. தற்காலிகமாகப் பதிந்திருந்த வருடங்களைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த அமைதியை எங்களால் சொல்ல முடியாது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

இப்போது எங்களில் வங்கியில் வேலை செய்யும் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வந்த புதிதில் அவர் தலை நிமிர்ந்து பேசமாட்டார். படிவம் எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவார், அவ்வளவுதான். வங்கியில் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லவும் அவருக்குத் தயக்கம். எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்வாராம். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தோட்டத்துப் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற ஆட்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அவரிடம் நாங்கள் ஒப்படைத்தது 26 வருடக்கார அம்மாவின் கோப்பை. முழுக் கோப்பையும் ஒப்படைத்தோம். எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் வேலை இல்லை. தொழில் அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முதல் கேள்வி, "தலைவர் எங்கே? யாரோடு வந்தீங்க?" இவர், "சங்கத்தின் சார்பில் நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிக் கதிரையை இழுத்து அம்மாவை உட்கார வைத்தார். படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழில் தாருங்கள் என்று கேட்டார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி ஆனதை முதல் நாள் இரவு நாங்கள் சேர்ந்திருந்து வாசித்திருந்தோம். ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்து வீச வேண்டிய தேவை வரவில்லை. மரியாதையாகக் கேட்டார், தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த உத்தியோகத்தரும் வேலையில் கெட்டவர் இல்லை. கேட்க ஆள் வராத இடத்தில் படிவம் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

மூன்று தடவை போனார். மூன்றும் தன் லீவில். மூன்றாவது தடவை தோட்டத்துக் காரியாலயத்து ஆட்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். செக்ரோல் கணக்கை வரிசையாக எடுத்துச் சொன்னது இந்தத் தங்கச்சிதான். வங்கியில் பழகிய கணக்கு இங்கே கை கொடுத்தது. மீதிப் பணம் தவணையாக வந்து முடிந்தது.

இது பெரிய வெற்றி என்று நாங்கள் மேளம் அடிக்கவில்லை. ஒரு அம்மாவின் காசு அந்த அம்மாவுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி வேறு ஆள். பிரட்டுக்களத்தில் எண்பது பேருக்கு முன்னால் பத்து நிமிடம், கடதாசி இல்லாமல், நம்பிக்கை நிதியைப் பற்றிப் பேசினார். வங்கியில் தோட்டத்து அம்மாமார் அவருடைய கவுண்டரைத் தேடி வருகிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் இப்போது டிவிசன் பெயரோடு சொல்கிறாராம். தலைமைத்துவப் பயிற்சி என்று ஹோட்டலில் இரண்டு நாள் சோறு போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்களே, அதில் இது வராது. நாங்களும் அந்தச் சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறோம். கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

ஆசிரியைகளான எங்களுக்கும் மாற்றம் வந்தது. பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் வகுப்பில் வைத்து ஏசுவது சுலபம். மேசையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு வாராந்தக் கடன்காரருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு, அந்தப் பிள்ளை ஏன் வியாழக்கிழமைகளில் வருவதில்லை என்று விளங்குகிறது. கடன்காரர் வருகிற நாள் அது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் மலையில் இருப்பார்கள். குடும்பநல மாதுவாக இருக்கும் அக்கா சொல்வார், மகப்பேற்றுச் சகாயம் 84 நாள், அதை எத்தனையாவது பிள்ளைக்கும் குறைக்க முடியாது என்று 2018இல் சட்டம் திருத்தியதை கிளினிக்கில் வைத்துச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மேசையில் வைத்துச் சொன்னால் திருப்பிக் கேள்வி கேட்பார்கள் என்று. அது ஏன் அப்படி என்று நாங்கள் யோசித்தோம். கிளினிக்கில் அவர் மிஸ். மேசையில் அவர் இன்னாருடைய மகள்.

அதோடு, வாயை மூடி வைத்திருக்கவும் அங்கேதான் பழகினோம். மேசைக்கு வரும் அம்மா முதலில் படிவத்தைப் பற்றித்தான் பேசுவார். பாதியில் நகை அடகில் இருப்பது வரும். மகன் கொழும்பிலிருந்து காசு அனுப்பாதது வரும். சம்பள நாளில் வீட்டுக்காரர் எங்கே போகிறார் என்பது வரும். இதில் ஒரு சொல் பீலிக்கரைக்குப் போனால் அடுத்த ஞாயிறு மேசைக்கு ஆள் வராது. எங்கள் மேசையிலிருந்து இதுவரை ஒரு சொல் போகவில்லை என்று சனங்கள் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய பட்டம் எங்களுக்கு வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். "பொம்பளப் புள்ள, உத்தியோகம் கிடைச்சாச்சு, காலாகாலத்தில கல்யாணத்தைக் கட்டாம ஏன் லயம் லயமா சுத்துது?" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களையும் பேசினார்கள். பயத்துக்குக் காரணம் இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை, பாதையில் வெளிச்சம் இல்லை, சந்தியில் குடித்துவிட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வழி பிள்ளையை வீட்டில் பூட்டுவது இல்லை. நாங்கள் இரண்டு பேருக்குக் குறைந்து எங்கேயும் போவதில்லை. இருட்டுவதற்கு முன் மேசையை மூடுகிறோம். எந்தத் தோட்டத்துக்குப் போகிறோமோ அங்கே ஒரு வீட்டில் சொல்லிவைக்கிறோம். சில அப்பாமார் மேசை முடியும் நேரத்துக்கு டோர்ச் லைட்டோடு வந்து நிற்கிறார்கள். அப்படி வருகிற அப்பா ஒருவர் போதும், அந்த லயத்தில் பேசுகிற வாய் பாதி அடங்கிவிடும்.

இனி சங்கத்தைப் பற்றி. இதைச் சொன்னால் முன்வரிசையில் இருக்கும் தலைவர்மார் சிலருக்குக் கோபம் வரலாம். நம் வீட்டு விஷயத்தை நம் வீட்டுக்குள்தான் பேசவேண்டும், அதனால் பேசுகிறோம்.

கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். சந்தாவும் அவர்கள் சம்பளத்தில்தான் கழிகிறது. மே தின ஊர்வலத்தில் ஒரே நிறச் சேலை கட்டி முன்னால் நடப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் தோட்டக் கமிட்டியில் தலைவர் ஆண், செயலாளர் ஆண், பொருளாளர் ஆண். மாதர் தலைவி என்று ஒரு பதவி தனியாக இருக்கிறது. துரையோடு பேச்சுவார்த்தை நடக்கும்போது அவர் வெளியே நிற்கிறார். கொழுந்து மடுவத்தில் நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், எந்த மலையில் மலசலகூடம் இல்லை, எத்தனை கிலோவுக்கு அரைப்பேர் போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர் வெளியே நிற்க, தெரியாதவர்கள் உள்ளே பேசுகிறார்கள்.

படித்த பிள்ளை சங்கத்துக்கு வந்தால் வேறு ஒரு விதம். அவளை மரியாதையாக வரவேற்று, ஒரு மேசை கொடுத்து, கடிதம் எழுதச் சொல்கிறோம். கடிதம் அவள் எழுதுவாள், ஒப்பம் தலைவர் வைப்பார். கூட்டக் குறிப்பு அவள் எடுப்பாள், கூட்டத்தில் பேசமாட்டாள். இரண்டு வருடம் அப்படி இருந்துவிட்டு அவள் கொழும்புக்குப் போய்விடுவாள். பிறகு, "படிச்ச புள்ளைங்க சமூகத்தை மறந்துட்டாங்க" என்று மேடையில் பேசுவோம். அவள் மறந்தாளா, நாம் இடம் கொடுக்கவில்லையா?

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரளாவின் மூணாறில் நடந்ததை இங்கே ஞாபகப்படுத்துகிறோம். அவர்களும் நம்மைப் போல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலை மலைக்குப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திப் பாதையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்கள் கம்பனியோடு சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி, பேச வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டு தங்களுக்காகத் தாங்களே பேசி, 20 சதவீதத்தை வாங்கினார்கள். எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுத்தான் வாங்கினார்கள். சங்கத்தில் வேலை செய்யும் எங்களுக்கு அந்தச் செய்தியை வாசித்தபோது சந்தோஷமும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று எந்தத் தலைவரும் சத்தியம் பண்ண முடியாது.

நாட்டு அரசியலில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்று சட்டத்தில் இருக்கிறது. பட்டியலை நிரப்பப் பெயர் மட்டும் போட்ட இடங்களும் உண்டு, உண்மையாகவே வேலை செய்கிற உறுப்பினர்களும் உண்டு. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நம் மக்கள் பெண்களுக்கு வாக்களிப்பார்களா என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. பாராளுமன்றத்துக்குப் போக முடிந்த பெண்ணுக்குத் தோட்டக் கமிட்டிச் செயலாளராக முடியாதா?

அதனால் மாதர் பிரிவின் சார்பில் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கமிட்டிக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்க வேண்டாம். அது அடுப்பு எரிகிற நேரம், பெண்கள் வரமாட்டார்கள். ஞாயிறு பகலில் வையுங்கள். கூட்டம் நடக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் போடுங்கள், அதற்குச் சந்தாவிலிருந்து ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்றில் ஒன்றாவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று அமைப்பு விதியில் எழுதுங்கள், வாய்ப்பேச்சாக விடவேண்டாம். துரையோடு பேச்சுவார்த்தைக்குப் போகும் ஆட்களில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் கட்டாயம். கடிதம் எழுதுகிற பிள்ளை அந்தக் கடிதத்தில் தன் பெயரையும் போடட்டும். இவ்வளவுதான் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. இந்த உரை நம் பத்திரிகையில் வந்தால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரலாம் என்று நினைக்கிறோம்.

கடைசியாக உத்தியோகம் பார்க்கும் தங்கச்சிமாருக்கு. உங்களிடம் நாங்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கேட்கிறோம். இரண்டு கொடுத்தால் மறுக்கமாட்டோம். வரும்போது மேடமாக வரவேண்டாம். புத்தகப்பை கொடுத்துப் படம் பிடித்துப் போகிறவர்கள் நமக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு கோப்பை எடுத்தால் அது முடியும் வரை கூட நில்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் கேட்டு வந்து சொல்லுங்கள், சனங்கள் அதைக் குறைவாக நினைப்பதில்லை. தாதியாக இருப்பவர் தாதியாக வாருங்கள், கணக்கு வேலை செய்பவர் கணக்கோடு வாருங்கள், சிங்களம் நன்றாகப் பேசுபவர் அந்த வாயோடு வாருங்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் வரலாம். மேலதிக நேரச் சம்பளக் கணக்கு உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் நின்றவர் அடுத்த தோட்டத்தில் தனி மேசை போடலாம். இப்போது மூன்று டிவிசன்களில் மேசை நடக்கிறது. நாலாவதற்கு வாங்கு கிடைத்துவிட்டது, ஆள்தான் வேண்டும்.

அடுத்த மேசை வருகிற மாதம் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி, மேல்கணக்குக் கோயில் மண்டபத்தில். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, கையில் இருக்கிற சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதியிலிருந்து வந்த எந்தக் கடதாசியானாலும் கொண்டு வாருங்கள். ஒன்றுமே இல்லை என்றாலும் வாருங்கள், கூட வேலை செய்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எத்தனையாம் ஆண்டு பேர் பதிந்தீர்கள், எந்தக் கங்காணி காலம் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம். போன மாதம் ஒரே கண்ணாடியை ஏழு பேர் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் கையொப்பம் வைத்தார்கள்.